அனுமதிப் பட்டியல்

பென்ஷன் பணம் எடுக்கப் போகும் நம்மில் பலர், ஏ.டி.எம். என்பதைப் பணம் அடுக்கி வைத்த ஓர் இரும்புப் பெட்டி என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெட்டி இருப்பது உண்மை. ஆனால் நாம் பார்க்கும் திரைக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டரும் உட்கார்ந்திருக்கிறது. வீட்டில் பேரப்பிள்ளைகள் வைத்திருக்கும் கம்ப்யூட்டருக்கும் அதற்கும் அடிப்படையில் பெரிய வித்தியாசம் கிடையாது. எத்தனை ஐந்நூறு ரூபாய்த் தாள்களை வெளியே தள்ள வேண்டும் என்று பெட்டிக்கு உத்தரவு போடுவது அதுதான்.

அப்படியானால் அந்தக் கம்ப்யூட்டருக்கு யார் உத்தரவு போடலாம்? எந்தப் புரோகிராம் அதில் ஓடலாம், எது ஓடக்கூடாது? இந்தக் கேள்விக்கு நம் நாட்டில் விடை எழுதப்பட்ட கதையைச் சொல்லப் போகிறேன். நடுவில் பிரான்சுக்கும் உசிலம்பட்டிப் பக்கத்துக்கும் ஒரு நடை போய்வர வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உலகின் முதல் பண இயந்திரம் 1967 ஜூன் 27 அன்று லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டு என்ற இடத்தில் பார்க்லேஸ் வங்கிக் கிளையில் திறக்கப்பட்டது. நம் நாட்டுக்கு அது வந்து சேர இருபது ஆண்டுகள் ஆயின. 1987இல் மும்பையில் ஒரு வெளிநாட்டு வங்கி முதலில் வைத்தது. மதுரை மாதிரி ஊர்களில் மூலைக்கு மூலை ஏ.டி.எம். முளைத்தது அதற்கும் வெகுகாலம் கழித்துத்தான். 2018 வாக்கில் நாடு முழுவதும் இரண்டு லட்சத்துக்கு மேல் இருந்தன.

அந்த இயந்திரங்களில் பெரும்பாலானவற்றில் இருந்தது விண்டோஸ் எக்ஸ்பி. 2001இல் வெளிவந்த இயங்குதளம் அது. நல்ல உழைப்பாளி. ஆனால் 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு அதற்குப் பழுது பார்க்கும் வேலையை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அதாவது, அந்தத் தேதிக்குப் பிறகு அதில் ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைத்துத் தர ஆள் இல்லை. வீட்டுக் கம்ப்யூட்டரை மாற்றிவிடலாம். லட்சக்கணக்கான ஏ.டி.எம்.களை மாற்றுவது அப்படியா? வங்கிகள் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தன.

திருடர்கள் தள்ளிப்போடவில்லை. 2010 ஜூலையில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த ஒரு பாதுகாப்பு மாநாட்டில் பார்னபி ஜாக் என்ற ஆராய்ச்சியாளர் இரண்டு ஏ.டி.எம்.களை மேடையில் கொண்டுவந்து நிறுத்தினார். அட்டை இல்லை, கணக்கு இல்லை. அவர் எழுதிய புரோகிராம் உள்ளே போனதும் இயந்திரம் நோட்டுகளை மேடையில் கொட்டியது. எச்சரிக்கைக்காகச் செய்து காட்டியது அது. 2014இல் கிழக்கு ஐரோப்பாவில் உண்மையாகவே நடந்தது. டியூப்கின் என்று பெயரிடப்பட்ட ஒரு கள்ளப் புரோகிராம். திருடர்கள் ஏ.டி.எம்.மின் மேல்பகுதியைத் திறந்து ஒரு சி.டி.யைப் போட்டு அதை ஏற்றிவிடுவார்கள். பிறகு அது சத்தமில்லாமல் கிடக்கும். ஞாயிறு, திங்கள் இரவுகளில் மட்டும் விழித்துக்கொள்ளும். வந்து நிற்கும் ஆள் ஒரு சங்கேத எண்ணை அடித்தால், ஒரு தடவைக்கு நாற்பது நோட்டு வெளியே வரும். பணப்பெட்டியின் பூட்டை யாரும் உடைக்கவில்லை. பெட்டிக்கு உத்தரவு போடுகிறவனைத்தான் ஏமாற்றினார்கள்.

2017 மே மாதம் 'வானாக்ரை' என்ற கணினித் தொற்று உலகம் முழுக்க ஒரே வாரக்கடைசியில் பரவியது நினைவிருக்கலாம். ஆந்திரக் காவல் துறையின் சில கணினிகள்கூட முடங்கின. ரிசர்வ் வங்கி அதற்கு முந்தைய மாதமே பழைய இயங்குதளம் பற்றி வங்கிகளை ரகசியச் சுற்றறிக்கையில் எச்சரித்திருந்தது. வேலை நகரவில்லை. 2018 ஜூன் 21 அன்று இன்னொரு சுற்றறிக்கை வந்தது. அரசாங்க ஊழியர்களுக்கு அந்த நடை நன்றாகப் புரியும். முன்னேற்றம் மந்தமாக இருப்பதைக் கடுமையாக எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு, வேலை வாரியாகக் கெடு வைத்திருந்தார்கள்.

2018 ஆகஸ்டுக்குள் யு.எஸ்.பி. துளைகளை முடக்க வேண்டும், கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புக்குக் கடவுச்சொல் போட வேண்டும். 2019 மார்ச்சுக்குள் அட்டையை நகலெடுக்கும் கருவிகளுக்குத் தடுப்பும், புரோகிராம்களுக்கு 'ஒயிட்லிஸ்டிங்' ஏற்பாடும் வேண்டும். 2019 ஜூனுக்குள் எல்லா இயந்திரங்களிலும் பழைய இயங்குதளம் மாறியிருக்க வேண்டும். அதையும் 2018 செப்டம்பரில் கால் பங்கு, டிசம்பரில் பாதி, 2019 மார்ச்சில் முக்கால் என்று தவணையாகப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள்.

இதில் 'ஒயிட்லிஸ்டிங்' என்ற அந்த ஒன்றுதான் நம் விஷயம். தமிழில் வெள்ளைப் பட்டியல் என்கிறார்கள். நான் அனுமதிப் பட்டியல் என்றே எழுதுகிறேன். பொருள் உடனே விளங்கிவிடும்.

பழக்கமான ஆன்ட்டி வைரஸ் எப்படி வேலை செய்கிறது? அது ஒரு கறுப்புப் பட்டியல் வைத்திருக்கிறது. இன்னின்னவை கெட்டவை, இவை வந்தால் பிடி, மற்றதெல்லாம் போகட்டும். 1986இல் லாகூரில் இரண்டு சகோதரர்கள் எழுதிய 'பிரெயின்' என்ற வைரஸ்தான் ஐ.பி.எம். வகைப் பெர்சனல் கம்ப்யூட்டர்களில் பரவிய முதலாவது. அன்று பட்டியலில் ஒரு வரி எழுதினால் போதும். இன்று புதுக் கள்ளப் புரோகிராம்கள் நாள்தோறும் லட்சக்கணக்கில் வருகின்றன. பட்டியலை எத்தனை வேகமாக எழுதினாலும் திருடன் ஓர் அடி முன்னால்தான் இருப்பான். அமெரிக்காவில் ஃப்ரெட் கோஹன் என்ற ஆராய்ச்சி மாணவர் 1984லேயே இதைக் கணித முறையில் காட்டிவிட்டார். எல்லா வைரஸ்களையும் பிழையில்லாமல் கண்டுபிடிக்கும் ஒரு புரோகிராமை எழுதவே முடியாது என்பது அவர் முடிவு.

அனுமதிப் பட்டியல் இதைத் தலைகீழாகப் புரட்டுகிறது. இன்னின்ன புரோகிராம்கள் மட்டும் ஓடலாம். பட்டியலில் இல்லாதது நல்லதா கெட்டதா என்ற விசாரணையே கிடையாது. ஓடாது, அவ்வளவுதான்.

கருவூலத்தோடு வேலை பார்த்த எந்தக் குமாஸ்தாவுக்கும் இது புதிதல்ல. கருவூலத்தில் கள்ளக் கையெழுத்துப் போடுகிறவர்களின் பட்டியலையா வைத்திருந்தார்கள்? இல்லை. பில் போட அதிகாரம் உள்ள அலுவலர்களின் மாதிரிக் கையெழுத்து மட்டும்தான் இருக்கும். அதோடு ஒத்துப்போனால் பில் பாஸாகும். ஒத்துப்போகாவிட்டால் வந்தவர் எவ்வளவு பெரிய மனிதர் ஆனாலும் பில் திரும்பும். அலுவலர் மாறினால் புது மாதிரிக் கையெழுத்து, முறைப்படி சான்றொப்பமிட்டு வர வேண்டும். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து நடக்கிற ஏற்பாடு. கணினி உலகில் இதே கொள்கையை 1965இல் கிளேசர் என்பவர் சொன்னார். சால்ட்சர், ஷ்ரோடர் என்ற இரண்டு அறிஞர்கள் 1975இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் அதை ஒரு விதியாகவே வைத்தார்கள். யாரைத் தடுப்பது என்று யோசிக்காதே, யாருக்கு அனுமதி என்று எழுது. எழுத மறந்துபோனால் கதவு மூடியே இருக்கட்டும். விதியின் சாரம் இதுதான்.

இதன் நன்மை தவறு நேரும்போதுதான் தெரியும். கறுப்புப் பட்டியலில் ஒரு பெயர் விட்டுப்போனால் திருடன் உள்ளே வந்துவிடுவான், யாருக்கும் தெரியாது. அனுமதிப் பட்டியலில் ஒரு பெயர் விட்டுப்போனால் நல்லவன் வாசலில் நின்று சத்தம் போடுவான். உடனே சரிசெய்துவிடலாம்.

கையெழுத்துக்குப் பதிலாகக் கணினியில் எதை ஒப்பிடுகிறார்கள்? புரோகிராமின் பெயரை மட்டும் நம்ப முடியாது. பெயரை யாரும் மாற்றி வைத்துக்கொள்ளலாம். எனவே ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு கணக்குப் போட்டு நீண்ட எண் ஒன்றை எடுக்கிறார்கள். புரோகிராமில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் அடியோடு மாறிவிடும். அதைக் கைரேகை என்றே சொல்லலாம். இன்னொரு வழி, தயாரித்த கம்பெனியின் மின்னணுக் கையொப்பம் இருக்கிறதா என்று பார்ப்பது. ஏ.டி.எம்.முக்கு இது பொருத்தமான ஏற்பாடு. அது செய்கிற வேலை ஒன்றே ஒன்று. ஓட வேண்டிய புரோகிராம்கள் கொஞ்சம். அவை தினமும் மாறுவதும் இல்லை.

இந்தக் கொள்கையின் கடைசி எல்லை நம் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம். 1982 மே மாதம் கேரளத்தின் பரவூர் தொகுதியில் ஐம்பது வாக்குச்சாவடிகளில் முதலில் பயன்பட்டது. நம் எழுத்தாளர் சுஜாதா பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் அதை உருவாக்கியதில் முக்கியப் பங்கு வகித்தவர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதில் புரோகிராமை ஒரே ஒரு முறைதான் சில்லில் எழுத முடியும் என்கிறது தேர்தல் ஆணையம். அதாவது ஒரே பெயர் கொண்ட அனுமதிப் பட்டியல்.

ஆனால் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு இது அவ்வளவு சுலபம் இல்லை. அங்கே கடிதம், கணக்கு, மின்னஞ்சல், இணையம் என்று நூறு வேலை. 2019இல் கூடங்குளத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அங்கே ஒரு கணினியில் கள்ளப் புரோகிராம் இருந்ததை அக்டோபர் 30 அன்று அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. அது நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைத்திருந்த ஒருவரின் கணினி என்றும், உலையை இயக்கும் அமைப்புகள் தனியாகப் பிரித்து வைக்கப்பட்டவை என்றும் விளக்கம் தந்தார்கள். கோளாறு நுழைந்த இடம் நூறு வேலை பார்க்கும் கணினி என்பதைக் கவனிக்க வேண்டும்.

அனுமதிப் பட்டியல் இருந்தால் எல்லாம் பத்திரம் என்றும் எண்ணிவிடக் கூடாது. ரிசர்வ் வங்கியின் கெடு ஓடிக்கொண்டிருந்தபோதே, 2018 ஆகஸ்டில், புனே நகரின் காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியில் சுமார் 94 கோடி ரூபாய் போனது. பெரும்பகுதி 28 நாடுகளின் ஏ.டி.எம்.களில் போலி அட்டைகள் மூலம் எடுக்கப்பட்டது. அங்கே எந்த ஏ.டி.எம்.மையும் யாரும் கெடுக்கவில்லை. 'பணம் கொடு' என்று ஏ.டி.எம்.முக்குப் பதில் சொல்லும் மைய அமைப்புக்குப் பதிலாகத் திருடர்களே பதில் சொன்னார்கள். இன்னொரு சம்பவம் 2013இல் வெளியே தெரியவந்தது. அனுமதிப் பட்டியல் மென்பொருள் விற்பதையே தொழிலாகக் கொண்ட பிட்9 என்ற அமெரிக்க நிறுவனத்துக்குள் திருடர்கள் புகுந்து, அதன் மின்னணுக் கையொப்பத்தையே எடுத்துத் தங்கள் புரோகிராமில் போட்டுவிட்டார்கள். தங்கள் கணினிகள் சிலவற்றில் தங்கள் மென்பொருளையே அவர்கள் வைக்காமல் விட்டிருந்தார்களாம். பூட்டுக் கடைக்காரர் தன் கடையைப் பூட்ட மறந்த கதை.

இனி பிரான்சுக்கு வருவோம். சின்ன வயதில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். அனுமதிப் பட்டியல் பற்றிப் படித்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் காலத்து வரலாற்றுப் பாடம்தான். புத்தகங்களைக் கட்டுப்படுத்த ஐரோப்பாவில் இரண்டு முறைகள் இருந்தன. ரோமாபுரித் திருச்சபை 1559இல் தடைசெய்த நூல்களின் பட்டியலை வெளியிட்டது. 1966 வரை அது நடைமுறையில் இருந்தது. அது கறுப்புப் பட்டியல். பிரெஞ்சு மன்னர் முறை வேறு. அரசரின் அனுமதி பெற்ற நூல்தான் சட்டப்படி அச்சேறலாம். தணிக்கையாளர் படித்துச் சம்மதித்த விவரமும் அரசரின் அனுமதியும் நூலிலேயே அச்சிடப்படும். இது அனுமதிப் பட்டியல்.

தீதரோ நடத்திய கலைக்களஞ்சியத்துக்கு முதலில் அந்த அனுமதி இருந்தது. 1759இல் ரத்து செய்துவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பட்டியலுக்குப் பொறுப்பான அதிகாரி மால்செர்ப் என்பவரே தீதரோவுக்குத் துணைநின்றார். கையெழுத்துப் பிரதிகளைத் தன் வீட்டிலேயே பதுக்கி வைக்க இடம் கொடுத்தார் என்பது வரலாறு. புரட்சி வந்தது. எழுதவும் அச்சிடவும் குடிமகனுக்கு உரிமை உண்டு, சட்டத்தை மீறினால் அதற்குப் பிறகு பதில் சொல்லட்டும் என்று 1789இன் மனித உரிமைப் பிரகடனம் சொன்னது. அனுமதி முதலில் என்ற விதியை மாற்றிப் பொறுப்பு பிறகு என்று ஆக்கினார்கள்.

மதுரைக்காரர்களுக்கு இதைப் புரிந்துகொள்ளப் பிரான்சுக்குப் போகவே தேவையில்லை. கைரேகை என்ற சொல் உசிலம்பட்டிப் பக்கம் இன்னொரு நினைவைக் கிளறும். 1871இல் வெள்ளைக்கார அரசு கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நம் மாவட்டத்துப் பிரமலைக் கள்ளர் மக்கள் அதன் கீழ் வந்தார்கள். ஒரு மனிதன் என்ன செய்தான் என்ற விசாரணை இல்லை. எந்தச் சாதியில் பிறந்தான் என்பதே போதும். கைரேகை பதிய வேண்டும். இரவில் காவல் நிலையத்தில் ஆஜராக வேண்டும். வெளியூர் போகச் சீட்டு வேண்டும். ஜனங்கள் அதைக் கைரேகைச் சட்டம், ரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூர் மக்கள் கைரேகை வைக்க மறுத்தார்கள். போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உள்படப் பலர் செத்தார்கள். அந்த ஊரில் நினைவுத்தூண் இருக்கிறது. சென்னை மாகாணத்தில் சட்டம் நீங்கியது 1947இல். முப்பத்தாறு வருஷம்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்குகிறது. 'நல்லவன் என்று நிரூபிக்கும்வரை உன்னைத் திருடனாகவே வைத்திருப்பேன்' என்பது ஏ.டி.எம்.முக்குள் நுழையப் பார்க்கும் ஒரு புரோகிராமுக்குச் சரியான விதி. தடுக்கப்பட்ட புரோகிராமுக்கு மானம் போகாது. அதன் பிள்ளைகள் தலைகுனிய மாட்டார்கள். அதே விதியை மனிதர்கள் மேல் வைத்தால் அது கொடுமை. மனிதர்களுக்கு நீதிமன்றத்தில் உள்ள விதி நேர் எதிரானது. குற்றம் நிரூபிக்கும்வரை நிரபராதி. இயந்திரத்துக்கு ஒரு நியாயம், மனிதனுக்கு ஒரு நியாயம் என்று சொல்வதில் முரண்பாடு எதுவும் இல்லை.

இயந்திரத்திலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. பட்டியலை யார் கையில் வைத்திருக்கிறார்கள்? ஏ.டி.எம். வங்கியின் சொத்து, பட்டியலும் வங்கியின் பொறுப்பு. சரி. நம் சட்டைப் பையில் இருக்கும் போன்? ஆப்பிள் கம்பெனி 2008இல் தன் கடையைத் திறந்தபோது, அங்கே அனுமதி பெற்ற புரோகிராம்தான் ஐபோனில் ஓடும் என்று வைத்தது. போன் வாங்கியவர் நாம், பட்டியல் எழுதுகிறவர் அவர்கள். கள்ளப் புரோகிராம் தொல்லை அதனால் வெகுவாகக் குறைந்தது. விற்பவர்களிடம் வாங்கும் கமிஷனும் அவர்கள் வைத்ததே சட்டம் ஆனது. ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டு, 2024 மார்ச் முதல் அங்கே வேறு கடைகளுக்கும் வழிவிடச் செய்திருக்கிறது. மால்செர்ப் காலத்து வழக்கு இன்னும் முடியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

நம்மில் பெரும்பாலோர் வைத்திருப்பது ஆண்ட்ராய்டு போன். அதில் கூகுளின் கடைக்கு வெளியே இருந்து வருவதையும் ஏற்றிக்கொள்ள வழி இருக்கிறது. ஆனால் நாமாக அனுமதி கொடுத்தால்தான். பட்டியல் நம் கையில்தான் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை என்றும், வண்டிக்கு அபராதம் என்றும், வங்கிக் கணக்கு முடங்கப் போகிறது என்றும் வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. என்று முடியும் கோப்பு ஒன்று வருகிறதே, அது கேட்பது அந்த அனுமதியைத்தான். கொடுத்துவிட்டால் வங்கி அனுப்பும் ரகசிய எண் முதற்கொண்டு அது படித்துக்கொள்ளும்.

ஆகவே வயதான நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அனுப்பியவர் தெரிந்தவராக இருந்தாலும் அந்தக் கோப்பைத் திறக்காதீர்கள். அவர் போனே திருடன் கையில் இருக்கலாம். போனின் அமைப்புகளில் 'அறியப்படாத ஆப்ஸ்' என்ற இடத்தில் யாருக்காவது அனுமதி கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எடுத்துவிடுங்கள். பார்க்கத் தெரியவில்லை என்றால் வீட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்துச் செய்யச் சொல்லுங்கள். பணம் போய்விட்டால் தயங்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்; எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு.